நெட்டி எடுக்கும் கைகள்

என் வீட்டுக்காரர் முடி வெட்டுவதில் கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. சுமார்தான். ஒரு காதோரம் ஏறியிருக்கும், மறு காதோரம் இறங்கியிருக்கும், கேட்டால் உங்கள் காதே அப்படித்தான் என்று சாதிப்பார். ஆனாலும் அவர் சலூனில் எந்நேரமும் ஆள் உட்கார்ந்திருக்கும். வெட்டி முடித்து, துண்டை உதறி, பிடரியில் பவுடர் தட்டிவிட்டு, கடைசியில் ஒரு கையைத் தாடையிலும் இன்னொரு கையை உச்சந்தலையிலும் வைத்து ஒரு திருப்பு திருப்புவார். டக். அப்புறம் மறுபக்கம் ஒரு டக். நாற்காலியில் இருக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்பார். அந்த "அப்பாடா"வுக்காக வருகிற கூட்டம்தான் எல்லாம். தெருவில் அவருக்குப் பெயரே நெட்டிக்காரர்.

எனக்கு அந்த நெட்டி வீட்டிலேயே கிடைத்துவந்தது. கடையை மூடிவிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்குவார். சமையலறை முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, "வா, உட்காரு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். பிறந்தநாளா, வாழ்த்தா, மூச்! எல்லாவற்றையும் அந்த இரண்டு டக்கில் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. எனக்கும் அது புரிந்துதான் இருந்தது.

எனக்கு முடக்குவாதம். பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கும், அனுபவித்தால் இன்னும் மோசம். ஆரம்பத்தில் கை விரல்களில் வந்தது, பிறகு மணிக்கட்டு, முழங்கால், பாதம் என்று ஒவ்வொரு அறையாகக் குடியேறியது. சில வருஷங்கள் தைலத்தையும் வலி மாத்திரையையும் நம்பிக் கோட்டை விட்டேன். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகுதான் இந்த மூட்டு வாத டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அந்த அம்மா ஒரு தினுசு. அறைக் கதவை உதவியாளர் யாரும் திறந்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருப்பார். நாமேதான் குமிழைத் திருப்பித் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். முதல் தடவை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலியோடு வருகிறவளைக் கதவோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டு உள்ளே சட்டமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாளே என்று. பிறகுதான் தெரிந்தது, வேடிக்கை இல்லை, அதுதான் அவர் பரிசோதனை. எந்தக் கையால் திறக்கிறோம், விரலால் திருப்புகிறோமா, முழு உள்ளங்கையால் தள்ளுகிறோமா, எத்தனை தடவை வழுக்குகிறது என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் கையைப் பிடித்து, பழம் வாங்குகிறவள் அமுக்கிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கணுவையும் அமுக்குவார். நம் முகத்தைத்தான் பார்ப்பார், விரலைப் பார்க்கமாட்டார்.

"காலைல எழுந்தா பல் தேய்க்கிற பிரஷ்ஷப் பிடிக்க எவ்ளோ நேரம் ஆகுது?" என்று கேட்டார் அன்றைக்கு.

"பிரஷ் என்ன டாக்டர், என் புருஷன் சட்டையப் பிடிச்சு சண்டை போடவே மத்தியானம் ஆயிடுது" என்றேன்.

சிரித்தார். வேறு யாரும் அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் கேட்டதில்லை. "உங்க உடம்பு உங்க மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிச்சுக்கிட்டு இருக்கு. வலிய மட்டும் அடக்கினா போதாது, அந்தச் சண்டைய அடக்கணும். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். எந்த நாள் சொல்லுங்க?" என்று என் வாயாலேயே மூன்று முறை சொல்ல வைத்தார். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார், அளவைக் கூட்டினார், இன்னொன்று சேர்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக வீக்கம் வடிந்தது. ஒருநாள் ஊறுகாய் பாட்டில் மூடியை நானே திறந்துவிட்டு, மூடாமல் அப்படியே வைத்துவிட்டேன், வருகிற போகிறவர் எல்லாம் பார்க்கட்டும் என்று.

"ஏற்கெனவே இடிஞ்ச சுவத்த என்னால திரும்பக் கட்ட முடியாதும்மா. இனிமே இடியாமப் பாத்துக்கலாம்" என்று மட்டும் டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். விரலைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் வேலை ஒரு லிஃப்ட் கம்பெனியில். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் என் மேஜையில்தான் மணி அடிக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "மூச்ச நல்லா இழுத்து விடுங்க, ஆள் கிளம்பிட்டாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பல்லாயிரம் முறை சொன்ன வசனம். கை வேலை அதிகம் இல்லாததால்தான் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மேஜையில் இருந்த முகவரியைப் படிக்கத் தலையைக் குனிந்தபோது பிடரியிலிருந்து குதிகால் வரை சுரீரென்று மின்சாரம் ஓடியது. ஹெட்போன் ஷாக் அடிக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் வந்து வயரை மாற்றினார். மறுநாளும் அடித்தது. ஹெட்போனையே மாற்றினார். அப்போதும் அடித்தது. "அக்கா, இதுல கரண்டே இல்ல, பிளக்கப் பிடுங்கிட்டேன் பாருங்க" என்று அவர் வயரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தபோது நானும் சிரித்தேன். ஆனால் குனிந்தபோது மறுபடியும் ஓடியது. அதன் பிறகு முகவரித் தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் படிக்க ஆரம்பித்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தலைக்குப் பின்னால் ஒரு வலி வேறு புதிதாகச் சேர்ந்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் நெட்டி எடுத்தால் அது கலைந்து போகும், கொஞ்ச நேரம் தலையே இல்லாதது மாதிரி லேசாக இருக்கும். அதனால் நானே முக்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலம் டக் என்றதும் இரண்டு காலும் எங்கே போயின என்று தெரியவில்லை. தரையில்தான் இருந்தன, கண்ணால் பார்த்தேன். ஆனால் எனக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தது. நான்கைந்து மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்துவிட்டன. "என்ன, சுகமா இருக்கா?" என்று கேட்டார் அவர். ஆமாம் என்றேன்.

அடுத்த முறை டாக்டர் அறைக் கதவைத் திறக்க எனக்கு நேரமாயிற்று. குமிழ் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. உள்ளே போனதும் வழக்கம்போல் விரல்களை அமுக்கினார். வலிக்கவில்லை. மணிக்கட்டை அமுக்கினார். வலிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் முகம் மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

"மூட்டு எல்லாம் அமைதியா இருக்கு. அப்புறம் ஏன் கதவு திறக்க முடியல?" என்று தன்னிடமே கேட்பது மாதிரி கேட்டார்.

சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் துள்ளி மேஜையை உதைத்தது. உள்ளங்காலில் சாவியால் ஒரு கோடு இழுத்தார். கால் கட்டைவிரல் நான் சொல்லாமலே மேலே எழும்பியது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

"குனிஞ்சா முதுகுல ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கா?"

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று விழித்துக்கொண்டே ஆமாம் என்றேன். அதை நான் எலக்ட்ரீஷியனைத் தவிர யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

உடனே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். கூடவே தானும் வந்தார். "அவங்களா முடிஞ்ச அளவு குனியட்டும், அவங்களா நிமிரட்டும். யாரும் தலையில கை வைக்காதீங்க" என்று எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் சொன்ன குரல் எனக்குப் புதிது. பிறகு படங்களைத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கழுத்தின் உச்சியில் ஒரு வளையம், அதற்குள் ஒரு எலும்பு முளை. நிமிர்ந்தபோது முளை வளையத்தோடு ஒட்டி நின்றது. குனிந்தபோது இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிற இடைவெளி.

"இந்த முளைய தோல்வார் மாதிரி ஒரு வார் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். உங்களுக்கு அந்த வாரை நோய் அரிச்சிடுச்சு. நீங்க என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி நடந்த சேதம் இது, மெதுவா தளர்ந்துக்கிட்டே வந்திருக்கு. முளைக்குப் பின்னாடிதான் தண்டுவடம். மூச்சு, கை, கால், எல்லாம் அது வழியாத்தான் போகுது." திரையில் அந்த இடைவெளியைத் தொட்டுக் காட்டினார். "குனியும்போதே இவ்ளோ நகருது. யாராவது பலமா திருப்பினா அந்த நிமிஷமே எல்லாம் முடிஞ்சிடும். வீட்லயோ வெளியிலயோ யாராச்சும் உங்களுக்குக் கழுத்துல நெட்டி எடுக்கிறாங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். என் கண் முன்னால் அவர் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்குகிற காட்சிதான் வந்தது. அந்த அறையில், அந்தத் திரைக்கு முன்னால், என் புருஷன் பெயரை எப்படிச் சொல்வது?

சர்ஜனைப் பார்த்து இரண்டு எலும்பையும் திருகாணி வைத்துச் சேர்க்க வேண்டும், அவரை அடுத்த வாரம் வரச் சொல்கிறேன், அதுவரை இந்தக் கழுத்துப் பட்டையைத் தூக்கத்தில்கூடக் கழற்றக் கூடாது, வீட்டில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் அடுக்கினார். தாடையையும் பிடரியையும் தாங்குகிற கெட்டியான பட்டை அது, இரண்டு பாதியாக இருந்தது. இடப்பக்கம் ஒட்டுகிற வாரை என் இடது கையால் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். வலது கை விரல்கள் கோணியிருந்ததால் அந்தப் பக்கத்து வாரை அவரே ஒட்டி, "இதத் தொடாதீங்க, இப்படியே இருக்கட்டும்" என்றார். கிளம்பும்போது எழுந்து வந்து எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் சொன்னதைவிட அதுதான் அதிகம் உறைத்தது.

வீட்டுக்கு வந்து, "சுளுக்காம். பட்டை போடச் சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அந்த மனுஷன் உடைந்து போயிருப்பார். சர்ஜனைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் என்று ஒரு தேதி வந்த பிறகு, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவர் பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சுளுக்குக்கு இதா? கட்டிப் போட்டா கழுத்து மரமாயிடும். உன் டாக்டரம்மாவுக்கு வெரல் தெரியும், கழுத்து தெரியாது."

"ஆமா, உங்களுக்கு எல்லாம் தெரியும். காது ரெண்டும் சமமா வெட்டத்தான் தெரியாது."

சிரித்தார். அப்புறம் கை கழுவிக்கொண்டு வந்து, "சரி, வா, உட்காரு" என்றார்.

"வேணாங்க. பட்டையக் கழட்டக் கூடாதுன்னுட்டாங்க."

"ஒரு நிமிஷம் கழட்டினா என்ன?"

"வேணாம்னா விடுங்களேன்!"

நான் போட்ட சத்தத்தில் அவர் கை அந்தரத்தில் நின்றது. தேய்த்துச் சூடாக்கிய கை. "என் கை கசந்து போச்சா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, கழுவின டம்ளரையே திரும்ப எடுத்துக் கழுவப் போனார். அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அடுத்தடுத்த சாயங்காலங்களில் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கடையிலிருந்து வருவார், கை கழுவுவார், முக்காலியைத் தொடமாட்டார். எனக்கோ தலைக்குப் பின்னால் வலி குடைந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் கையைக் கண்டு பயம் இருந்ததைவிட அந்தக் கை வேண்டும் என்கிற ஏக்கம்தான் அதிகம் இருந்தது. ஒருநாள் என்னையறியாமல் இடது வாரைப் பாதி பிரித்துவிட்டேன். பர்ர் என்று அது பிரிந்த சத்தத்தில் பயந்து திரும்ப ஒட்டினேன்.

டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டால் செத்த பிணம் மாதிரி தூங்குவேன். காலையில் எழுந்தால் தலை லேசாக இருக்கும். பரவாயில்லை, பட்டை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாடி வீட்டில் இருக்கிற என் நாத்தனார் தினமும் காலையில் டீயோடு வந்து உட்காருவாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும், நான் ஒருத்திதான் சரிக்குச் சரி நிற்பேன். அன்றைக்கு என்னையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, வலது பக்க வாரை நேத்து இவ்ளோ கீழ ஒட்டலையே. நீங்களா பிரிச்சு ஒட்டினீங்க?"

"நான் எங்க தொட்டேன்?"

"அப்ப தூக்கத்துல ஒட்டியிருப்பீங்க. அந்தக் கோணக் கையால! பரவால்லயே, கை நல்லாயிட்டு வருது போல" என்று டீயை உறிஞ்சினாள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். அது நல்லாகிற கை மாதிரி இல்லை. அன்றைக்கு டீ டம்ளர் இரண்டு முறை நழுவியது. வேலைக்குக் கிளம்பிப் போகும்போது ஒரு செருப்பு காலை விட்டுக் கழன்றுபோனதே தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறேன். நாத்தனார்தான் மாடியிலிருந்து கத்தினாள்.

அன்று மத்தியானம் வேலையில் மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்த வேண்டும், விரல் போகவில்லை. நீட்டு என்று சொல்கிறேன், அது மேஜையில் செத்துக் கிடக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கேயோ ஒரு பெட்டிக்குள் யாரோ தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் முழங்கையால் குத்தினேன். ஒரு பெண் குரல், அழுதுகொண்டு, "யாராச்சும் இருக்கீங்களா?" என்றது.

"இருக்கேம்மா. மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றேன். என் மூச்சு அரைகுறையாகத்தான் வந்தது. எங்கள் ஆள் போய் அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவரும் வரை பேசிக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்தேன். காலுக்குக் கீழே தரை பஞ்சாக இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேஜைப் பெண்ணிடம் டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னேன்.

"இப்பவே வாங்க. தனியா வராதீங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் கடையில் பாதி முகம் நுரையோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு ஓடிவந்தார். கையில் பவுடர் அப்பியிருந்தது. அறைக் கதவை இந்தத் தடவை அவர்தான் திறந்தார்.

டாக்டர் என்னை நடக்கவிடவில்லை. நாற்காலியிலேயே வைத்து முழங்காலைத் தட்டினார், கையை அழுத்தச் சொன்னார், ஊசியால் தொட்டுத் தொட்டுத் தெரிகிறதா என்றார். பாதிக்குப் பாதி தெரியவில்லை.

"இவ்ளோ சீக்கிரம் இப்படி ஆகக் கூடாதே. பட்டையக் கழட்டவே இல்லையே?"

"இல்ல டாக்டர், சத்தியமா இல்ல."

டாக்டர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "தூக்கத்துலயும் போட்டுட்டுதான இருக்காங்க?"

அவர் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது. திருட்டுத்தனமாக இனிப்புத் தின்று பிடிபட்டவர் சிரிப்பு. "அத ஏன் கேக்குறீங்க டாக்டரம்மா. முழிச்சிருந்தா கிட்ட விடமாட்டேங்குறா. தூங்கும்போது வலியில முனகுறா, பாக்க சகிக்கல. அதான் பட்டைய நைசா கழட்டி, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நெட்டி எடுத்துட்டு, திரும்ப மாட்டி விட்டுடறேன். அவளுக்கே தெரியாது. நேத்து ராத்திரிகூட எடுத்தேன். காலைல எப்படி லேசா எழுந்திருக்கா தெரியுமா?"

நான் தூங்கிய ஒவ்வொரு இரவும் வரிசையாக வந்து முன்னால் நின்றது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, பட்டையின் இரண்டு வாரையும் தன் கையால் சரிபார்த்தார். கதவுக்கு வெளியே எட்டி, ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னார். அப்புறம்தான் திரையைத் திருப்பி அவருக்குப் படத்தைக் காட்டினார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதைவிட எளிதாக, வளையம், முளை, அரித்துப் போன வார், பின்னால் தண்டுவடம் என்று சொன்னார்.

அவர் படத்தைப் பார்த்தார். "எல்லாருக்கும் எடுக்கறேனே டாக்டரம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"அவங்களுக்கு அந்த வார் இருக்கு. அதனால ஒண்ணும் ஆகல. இனிமே அவங்களுக்கும் எடுக்காதீங்க. இவங்களுக்கு அது இல்ல. நேத்து நீங்க இன்னும் கொஞ்சம் வேகமா திருப்பியிருந்தா, தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"சுளுக்குன்னியே."

அவர் தன் கைகளைப் பார்த்தார். பவுடரை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த மனுஷன் உடையக் கூடாது என்று நான் எதை மறைத்தேனோ அதுவே அவர் தலையில் இடியாக விழுந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது, பற்றி எரிகிற மாதிரி வந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஆபரேஷன். மயக்கம் கொடுக்கிறவரிடமும் சர்ஜனிடமும் என் கழுத்தைப் பற்றி டாக்டர் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தலையைப் பின்னால் சாய்க்காமலே மூச்சுக் குழாய் போட வேண்டுமாம். நல்லபடியாக முடிந்தால் கை கால் இதற்கு மேல் போகாது, போனதில் கொஞ்சம் திரும்பலாம், கழுத்து மட்டும் இனி முன்போல் திரும்பாது என்றார். முடியாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் அறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுங்கள் என்றால் நர்ஸைக் கூப்பிட்டார். போர்வை விலகினால் நர்ஸைக் கூப்பிட்டார். "கிட்ட வந்து உட்காருங்களேன்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து, பிடரியில் முடியை எடுக்க வேண்டும், ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

"என் முடியில வேற யாரும் கை வைக்கக் கூடாது. கட்டின நாள்லேர்ந்து இவர்தான் வெட்டுறார். இன்னைக்கும் இவர்தான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். நர்ஸ் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். ஆனால் நான் உள்ளே போய்த் திரும்பாமல் போனால், என்னைத் தொடப் பயந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்ததுதான் இவருக்குக் கடைசியாக மிச்சமிருக்கும். அதை விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

"என்னால முடியாது" என்றார் அவர் மூலையிலிருந்து.

அந்த நேரத்தில் என்னைப் பார்க்க வந்திருந்த டாக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். யோசித்தார். "தலைய நான் பிடிச்சுக்கறேன். நான் சொல்ற வரைக்கும் தலை அசையக் கூடாது. நீங்க முடிய மட்டும் எடுங்க" என்றார்.

என்னைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். டாக்டர் எனக்கு முன்னால் நின்று, பட்டையின் முன்பாதியை அப்படியே இருக்க விட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தாடையையும் கன்னத்தையும் அணைத்துப் பிடித்தார். பின்பாதியை நர்ஸ் எடுத்தார். பிடரியில் காற்றுப் பட்டது. பின்னால் என் வீட்டுக்காரர் வந்து நிற்கிறார் என்று மூச்சிலேயே தெரிந்தது. மெஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் அது என் தோலில் படாமல் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு பட்டது.

பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. தொழில் கை அல்லவா? காதுக்குப் பின்னாலிருந்து நேர்கோடாகக் கீழே, அடுத்து அதற்குப் பக்கத்தில். விரல் முடியில் மட்டும் பட்டது, கழுத்தில் படவே இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. டாக்டர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை. முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. இந்த ஒரு தடவை இரண்டு பக்கமும் சமமாக வெட்டியிருப்பார் என்று தோன்றியது.

மெஷின் நின்றது. துண்டால் மெதுவாகத் தட்டிவிட்டார். உதறினார். அவருடைய மூச்சு சீராக இருந்தது, கடையில் நிற்கிற மாதிரி. அப்புறம் ஒரு கை என் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு கை தாடைக்கு வந்தது.

அந்த இரண்டு கையையும் எனக்குத் தெரியும். எங்கே வைத்தால் எந்தப் பக்கம் போகும் என்று என் எலும்புக்குத் தெரியும். எனக்குக் கத்த வாய் வரவில்லை. தாடைக்கு வந்த கை டாக்டரின் கைமேல் பட்டு நின்றது. டாக்டர் விரல்களை இறுக்கினார், அவ்வளவு இறுக்கி யாரும் என்னைப் பிடித்ததில்லை.

"கைய எடுங்க" என்றார் டாக்டர். குரல் உயரவே இல்லை.

கைகள் விலகின. பின்னால் மெஷின் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன், நான் திரும்பிப் பார்க்க முடியாது. அங்கிருந்துதான் அவர் குரல் வந்தது.

"நான் வெளிய போற வரைக்கும் அவ தலைய விட்டுடாதீங்க டாக்டரம்மா."